பித்தப்பைப் புற்றுநோய்: இன்னொரு ஸ்கேன் எதற்கு?

பித்தப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும், அறுவை சிகிச்சைக்கு முன் "இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்று மருத்துவர் சொன்னால் குடும்பத்தாருக்குப் பொறுமை போய்விடும். ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை பித்தப்பைக்குப் போகிறது. ஆனால், இந்த அமைப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கல்லீரலின் வலப்பக்கக் குழாய்கள் பாடப் புத்தகப் படத்தில் உள்ளபடி இணைவது சுமார் 60 விழுக்காட்டினருக்குத்தான். சிலருக்கு அவற்றில் ஒன்று தாழ்வாக வந்து சேரும். வெகு சிலருக்குப் பித்தப்பையின் கிளைக்குழாயிலேயே சேரும்.

இது நோயல்ல, பிறவி அமைப்பு. ஆனால் அறுவை சிகிச்சையில் அந்தக் குழாயைத் தவறுதலாக வெட்டிவிட்டால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். கட்டிவிட்டால் கல்லீரலின் அந்தப் பகுதியில் பித்தநீர் தேங்கிக் கிருமித்தொற்று வரலாம்.

புற்றுநோய் பித்தப்பையின் உள்சவ்வோடு நின்றிருந்தால், பையை மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் போதும். தசைவரை இறங்கியிருந்தால், ஒட்டியுள்ள கல்லீரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். கிளைக்குழாயின் வெட்டு முனையிலும் நோய் இருந்தால், பெரிய பித்தக்குழாயையும் அகற்றி, சிறுகுடலைக் கல்லீரல் குழாயோடு இணைக்க நேரிடலாம். எத்தனை குழாய்களை இணைக்க வேண்டும் என்பது அவரவர் அமைப்பைப் பொறுத்தது.

இன்னொரு மாறுபாடு, புற்றுநோய்க்கே வழிவிடக்கூடியது. பித்தக்குழாயும் கணையக் குழாயும் வழக்கமாகச் சிறுகுடலின் சுவருக்குள் சேரும். சிலருக்குச் சுவருக்கு வெளியிலேயே சேர்ந்துவிடும். அப்போது கணைய நீர் மேலேறி, பித்தப்பையைப் பல ஆண்டுகள் அரித்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டால், கல் இல்லாவிட்டாலும் பித்தப்பையை எடுத்துவிடும்படி மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

குழாய்களின் பாதையைக் காட்டுவது எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். அதில் கதிர்வீச்சு இல்லை. தேவைப்பட்டால், அறுவை சிகிச்சையின்போதே குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள்.

ஆகவே, "என் குழாய் அமைப்பில் மாறுபாடு உண்டா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தவர்களும் அதன் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பலருக்கு இந்தப் புற்றுநோய் முதலில் தெரியவருவது அந்த அறிக்கையில்தான்.