பழவேற்காடு: பறவைகளின் ஏரிக்கரை

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த மீனவர் ஊர் பழவேற்காடு. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் சேர்க்க, முகத்துவாரம் வழியே கடல்நீர் புகுகிறது. இந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன.

1980-இல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமானது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, சேற்றுநீரை வடிகட்டிப் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்கின்றன.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் 1613-ஆம் ஆண்டு கெல்டிரியா கோட்டையின் எச்சங்கள் உள்ளன. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் காணலாம்.

பொன்னேரி வரை மின்சார ரயிலிலும், பின்னர் பேருந்திலும் செல்லலாம். பறவைகளைக் கலைக்காமல் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதே நல்லது. குப்பையை ஏரியில் போடக்கூடாது.