பென்ஷன் கணக்கும் கம்பெனிகளின் வேண்டுகோளும்

நம் சங்கத்தில் பாதி வீடுகளில் ஒரு பென்ஷன்காரர் இருப்பார். ரயில்வே, தபால், ஏ.ஜி. ஆபீஸ், வங்கி என்று ஏதோ ஒன்றை நம்பித்தான் நமக்கு முந்தின தலைமுறை வடக்கே ரயிலேறியது. மாதம் பிறந்தால் பாஸ்புக்கில் தொகை ஏறுகிறது. அதற்கு மேல் நாம் யோசிப்பதில்லை. அந்தத் தொகையை எந்த வருஷத்துச் செலவாக எழுதுவது என்பதற்காக உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் மல்லுக்கட்டியிருக்கின்றன. வங்கிக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் அதைக் கொஞ்சம் விளக்கப் பார்க்கிறேன். (அரசாங்க பென்ஷன் வரிப்பணத்திலிருந்து வருவது, அது வேறு கதை.)

இருபது வருஷம் கழித்து ஓர் ஊழியருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கணக்கில் அந்தக் கடன் எவ்வளவு? வட்டி 8 சதவீதம் என்று எடுத்தால் 21,455 ரூபாய். 7 சதவீதம் என்றால் 25,842. ஒரே ஒரு சதவீதம் மாறியதில் கடன் ஐந்தில் ஒரு பங்கு வீங்கிவிட்டது! ஊழியரும் அவரே, வாக்குறுதியும் அதுவே. லட்சம் ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் இந்த ஒரு சதவீதம் வருஷ லாபத்தையே விழுங்கலாம். ஆகையால், வட்டி விகிதத்தை யார் முடிவு செய்வது, பற்றாக்குறையைப் பாலன்ஸ் ஷீட்டில் காட்டுவதா அடிக்குறிப்பில் ஒதுக்குவதா என்பதெல்லாம் வெறும் குமாஸ்தா விவகாரம் இல்லை.

அமெரிக்காவில் கணக்கியல் தரங்களை வகுக்கும் வாரியம் 1982-இல் ஒரு யோசனை சொன்னது. பென்ஷன் நிதியில் உள்ள பற்றாக்குறையை பாலன்ஸ் ஷீட்டிலேயே கடனாகக் காட்ட வேண்டும் என்றது. நியாயமான யோசனைதான். ஆனால் கம்பெனிகள் பொங்கி எழுந்தன. லாபம் வருஷத்துக்கு வருஷம் தாவிக் குதிக்கும், பங்குதாரர்கள் மிரண்டுபோவார்கள் என்றன. 1985 டிசம்பரில் 87-ஆம் தரம் வந்தபோது அது சமரசமாகத்தான் இருந்தது. ஏற்ற இறக்கங்களைப் பல வருஷங்களுக்குப் பரப்பிக்கொள்ளலாம். நிதி ஈட்டிய வருமானத்துக்குப் பதில், ஈட்டும் என்று எதிர்பார்க்கிற வருமானத்தை எழுதலாம். இதன் விளைவு 2000-க்குப் பிறகு பங்குச் சந்தை சரிந்தபோது தெரிந்தது. நிதி கரைந்துகொண்டிருக்க, கணக்கில் 9, 10 சதவீத வருமானம் வந்துகொண்டிருந்தது. பற்றாக்குறை முழுசாக பாலன்ஸ் ஷீட்டுக்கு வந்தது 2006-இல், 158-ஆம் தரத்தால். 1982-இல் சொன்னதைச் செய்ய 24 வருஷம்.

பிரிட்டனில் 2000 நவம்பரில் எஃப்.ஆர்.எஸ். 17 வந்தது. இந்த விதி பென்ஷனையே ஒழித்துவிடும் என்று முதலாளிகள் குரல் கொடுத்தார்கள், தொழிற்சங்கங்களும் கவலைப்பட்டன. 2002-இல் அதன் முழு அமலைத் தள்ளிப்போட்டார்கள். அங்கே பல நிறுவனங்கள் பழைய பென்ஷன் திட்டங்களைப் புது ஊழியர்களுக்கு மூடியது உண்மை. ஆனால் விதியா கடனை உண்டாக்கியது? மூட்டை கனமாக இருந்தால் தராசு என்ன செய்யும் என்பதே என் கட்சி. அதேசமயம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தினசரி சந்தை விலையை வைத்து நாற்பது வருஷக் கடனை அளப்பது சில வருஷங்களில் வீண் பீதியைக் கிளப்பும். லாபி செய்கிறவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று தள்ள முடியாது.

இனி நம்ம ஊர். பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2005-இல் திருத்திய ஏ.எஸ். 15 கண்டிப்பானதுதான். வட்டி விகிதத்தை அரசுக் கடன் பத்திரத்தை வைத்தே எடுக்க வேண்டும். மற்ற நாடுகளில் கம்பெனிப் பத்திரங்களை வைத்து எடுப்பார்கள். அரசுப் பத்திர வட்டி குறைவு என்பதால் நம் கணக்கில் கடன் கூடத்தான் தெரியும். ஆனால் முதல் அமலில் வரும் கூடுதல் சுமையை ஐந்து வருஷம் வரை பிரித்து எழுதலாம் என்று 2007-இலேயே கதவைத் திறந்துவிட்டார்கள்.

வங்கிகளில் 2010 ஏப்ரல் 27 ஒப்பந்தம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. 1995-இல் பென்ஷன் வேண்டாமென்று பி.எஃப்.-ஓடு நின்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. ஓய்வு பெற்றிருந்தவர்கள் வங்கியின் பி.எஃப். பங்கைத் திருப்பிக் கட்டியதோடு, அதற்கு மேல் 56 சதவீதமும் கட்டினார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பம் எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தவணை கிடையாது. வங்கிகளின் சுமைக்கோ தவணை கிடைத்தது. ஏ.எஸ். 15-படி முழுவதையும் அந்த வருஷமே எழுதியிருக்க வேண்டும். 2011 பிப்ரவரி 9-இல் ரிசர்வ் வங்கி ஐந்து வருஷம் அனுமதித்தது. எழுதாத பாக்கியை மூலதனத்திலிருந்து கழிக்கவும் வேண்டாம் என்றது. ஒரு கட்டுப்பாடு மட்டும் போட்டது: ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கான தொகையைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டேட் வங்கி அதே 2010-11-இல் சுமார் 7,900 கோடி ரூபாய் பென்ஷன் சுமையை, லாப நஷ்டக் கணக்கைத் தொடாமல், ரிசர்விலிருந்தே எடுத்து எழுதியது.

பிறகு 2021-இல் குடும்ப ஓய்வூதியம். அதுவரை உச்சவரம்பு 9,284 ரூபாய். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், வரம்பில்லை என்று ஆனபோது, கணவரை இழந்த பல பெண்மணிகளுக்கு அது பெரிய நிம்மதி. செலவை ஒரே வருஷத்தில் தாங்க முடியாதென்று இந்திய வங்கிகள் சங்கம் ரிசர்வ் வங்கியிடம் போயிற்று. அக்டோபர் 4-இல் மறுபடி அதே ஐந்து வருஷம். வருஷத்துக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் இந்தத் தடவை இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. எழுதாமல் வைத்த தொகை எவ்வளவு, அதையும் எழுதியிருந்தால் லாபம் எவ்வளவாக இருந்திருக்கும் என்று ஆண்டறிக்கைக் குறிப்புகளில் சொல்லியாக வேண்டும். வங்கிப் பங்கு வைத்திருக்கும் அன்பர்கள், 2022 மார்ச் முதல் வந்த ஆண்டறிக்கைகளில் முன்பக்கத்துச் சேர்மன் படத்தைத் தாண்டி அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள். லாபம் இரண்டு விதமாக அங்கே இருக்கும்.