உறுமியும் துளைப்பானும்: எம்.ஐ.ஏ.வின் ‘மாயா’ கேட்டவர்களை ஏன் இரண்டாகப் பிரித்தது?

2010 ஜூலையில் எம்.ஐ.ஏ.வின் மூன்றாவது ஆல்பம் ‘மாயா’ வெளிவந்தது. அதற்கு முந்தைய இரண்டையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய விமர்சகர்களில் பலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ‘இது பாட்டா, பட்டறையா?’ என்கிற தொனியில் ஒரு பக்கம். ‘இவ்வளவு நாள் இவர் செய்ததிலேயே துணிச்சலானது இதுதான்’ என்று இன்னொரு பக்கம். நடுவில் நின்றவர்கள் குறைவு. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அவர் முதல்முறையாக முதல் பத்துக்குள் வந்தது இந்த ஆல்பத்தோடுதான். வாங்கினார்கள், கேட்டார்கள், பிறகு சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு இசைக்கலைஞர் பாணியை மாத்தினா ரசிகர்கள் பிரிவது புதுசு இல்லை. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது நம்ம ஊரிலேயே ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. அப்புறம் ரகுமான் பாட்டு என்றாலே ‘கேக்க கேக்கப் பிடிக்கும்’ என்பது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ‘மாயா’ விஷயத்தில் தமிழ்க் காதுக்கு மட்டும் புரியக்கூடிய ஒரு சங்கதி இருக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முன்கதை

எம்.ஐ.ஏ. என்பது மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் போனது. போர் முற்றிய 80-களின் நடுவில் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். முறையாக இசை படித்தவர் இல்லை. ரோலண்ட் எம்.சி.-505 என்கிற ஒரு பெட்டி அவர் கைக்கு வந்தது. தாளம், பேஸ், கீபோர்டு ஒலி எல்லாம் ஒரே கருவியில் இருக்கும். தாளத்தைத் தட்டிப் பதிய வைத்தால் அதுவே திரும்பத் திரும்ப வாசிக்கும். அதில் போட்ட மாதிரிகளில் இருந்துதான் 2005-ல் ‘அருளர்’ வந்தது. அது அப்பாவின் இயக்கப் பெயர். 2007-ல் வந்த ‘கலா’ அம்மாவின் பெயர். மூன்றாவது தன் பெயர்.

‘கலா’வை அமெரிக்காவில் உட்கார்ந்து முடிப்பதாகத்தான் திட்டம். விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்ற இரண்டு பாட்டுக்கும் முதுகெலும்பு இங்கே பதிவான உறுமி மேளம். மேற்கத்திய விமர்சகர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மயங்கிப்போனார்கள். அதே ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-ல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் 4-வது இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. இந்த உயரத்தில் இருந்துதான் அவர் ‘மாயா’வுக்குள் குதித்தார்.

என்ன மாறியது?

‘மாயா’ பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இருந்தபடி செய்த ஆல்பம். பழைய கூட்டாளிகளான ஸ்விட்ச், டிப்லோ இருவரும் இருந்தார்கள். டப்ஸ்டெப் இசை செய்யும் ரஸ்கோ, பால்டிமோரின் பிளாக்ஸ்டார் ஆகியோரும் சேர்ந்தார்கள். ஊர்ப் பயணம் இல்லை, தெருவோரப் பதிவு இல்லை. ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டில் மின் துளைப்பானும் ரம்பமும் தாளக்கருவி. ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டில் 70-களின் நியூயார்க் இரட்டையர் ‘சூசைட்’ குழுவின் ஒரு துண்டு எடுத்து உடைபடும் அளவுக்கு ஏற்றப்பட்டிருக்கும். ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ பாட்டில் கிட்டார் ஒலி ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி வரும். அட்டைப்படத்தில்கூட யூடியூபின் ஓட்டப்பட்டைகள் முகத்தை மூடிக்கொண்டிருக்கும்.

இங்கே ‘ஒலி உடைவது’ என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சுத்தமான ஒரு ஒலி அலை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கருவி தாங்கும் அளவுக்கு மேல் சத்தத்தை ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால், மூல அதிர்வெண்ணின் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கில் புதிய ஒலிகள் முளைக்கும். 100 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்த இடத்தில் 300, 500, 700 எல்லாம் வந்து சேரும். இதைத்தான் காது ‘கரகரப்பு’ என்று உணர்கிறது. கோயில் திருவிழாவில் புளியமரத்தில் கட்டின கூம்பு ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு கேட்ட யாருக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. அங்கே அது தானாக நடக்குது. ‘மாயா’வில் வேண்டுமென்றே நடக்குது.

இப்போ உறுமிக்கு வருவோம்

எங்க களமருதூர் பக்கம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், மாரியம்மன் கோயிலுக்குப் பம்பையும் உடுக்கையும், ஊர்வலத்துக்குப் பறையும்தான் அதிகம். உறுமியைத் தெற்கிலும் மேற்கிலும் கூடுதலாகக் கேட்கலாம். மலேசியாவில் தைப்பூசத்துக்குப் போனால் உறுமி மேளம் தனிக் குழுக்களாகவே வரும். இடை சிறுத்த, இரண்டு முகம் கொண்ட மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் ‘உர்ர்ர்’ என்ற உறுமல் வருது. கருவியின் பெயரே அதுதான்.

அந்த உறுமல் எப்படிப் பிறக்குது? குச்சி தோலில் ஒட்டும், இழுபடும், நழுவும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல தடவை இது நடக்கும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வேலைதான். இப்படி ஒட்டி நழுவிப் பிறக்கும் ஒலியில் மேல் மடங்கு அதிர்வெண்கள் நிறைய இருக்கும். அழுத்தத்தை மாற்றினால் சுருதி சறுக்கும். அதாவது உறுமி இயல்பிலேயே ‘சுத்தமில்லாத’ ஒலி. கரகரப்பும் சறுக்கலும்தான் அதன் அழகு. துளைப்பானை எடுத்துக்கோங்க. மோட்டார் சுழற்சியில் அதே மாதிரி அடர்த்தியான கரகரப்பு. சுமை கூடினால் சுருதி இறங்கும், விசையை அழுத்தினால் ஏறும். ஒலியின் குடும்பத்தில் பார்த்தால் இரண்டும் தூரத்துச் சொந்தம்.

அப்போ கேள்வி இதுதான்: 2007-ல் உறுமியை ரசித்த காது 2010-ல் துளைப்பானை ஏன் வெறுத்தது?

மூன்று காரணங்கள்

முதல் காரணம் இசை சார்ந்தது. அதில் குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருக்கு. உறுமிக்காரர் ஒரு தேய்ப்புக்கும் அடுத்த தேய்ப்புக்கும் நடுவில் மூச்சு விடுவார். அந்த இடைவெளியில் மற்ற தாளம் நுழையும், ஆட்டத்துக்கு இடம் கிடைக்கும். ‘மாயா’வின் பல இடங்களில் இந்த மூச்சு இல்லை. எல்லா ஒலியும் ஒரே உயரத்தில் நெருக்கியடித்து நிற்குது. தொடர்ந்து அப்படிக் கேட்டால் காது களைத்துப்போகும், களைத்த காதுக்கு நல்ல பாட்டும் சத்தமாகத்தான் கேட்கும். ‘எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்.ஓ.’ மாதிரி மெட்டு உள்ள பாட்டுகளும், ‘இட் டேக்ஸ் எ மசில்’ மாதிரி இளைப்பாறும் பாட்டும் இருக்கத்தான் செய்யுது. ஆனால் நடுநடுவே தீவு மாதிரி நிற்பதால் ஆல்பம் ஒட்டவில்லை என்று பலருக்குத் தோணிச்சு.

இரண்டாவது காரணம் இடம். ‘கலா’வில் ஒவ்வொரு விநோத ஒலிக்கும் ஒரு முகவரி இருந்தது. இது தமிழ்நாட்டு மேளம், இது ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்கள், இது பழைய இந்தி டிஸ்கோ. கேட்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி உலகம் சுற்றலாம். முகவரி இருந்தால் சத்தத்துக்கு ‘நாட்டுப்புறம்’, ‘வண்ணம்’ என்று பெயர் வைத்துவிடலாம், மரியாதையும் கொடுத்துவிடலாம். ‘மாயா’வின் சத்தத்துக்கு அந்த முகவரி இல்லை. அது இணையத்தின் உள்ளே, கண்காணிப்பின் உள்ளே, ஒரு அறையில் பத்துச் சாளரங்கள் திறந்து வைத்த கணினியின் உள்ளே நடப்பது. கேட்டவருக்கு அங்கே சுற்றுலா இல்லை. ஏன்னா அது அவரே குடியிருக்கும் இடம். ஒரு புலம்பெயர் கலைஞரிடம் நாம் ‘உங்க ஊரைக் காட்டுங்க’ என்று கேட்கிறோம். அவர் ‘நம்ம ரெண்டு பேர் ஊரும் இப்ப இதுதான்’ என்று காட்டினால் ஏமாற்றமா இருக்கு.

மூன்றாவது காரணம் காலம். ‘கலா’வுக்கும் ‘மாயா’வுக்கும் நடுவில் 2009 மே இருக்கு. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஈழத்தில் நடப்பதை இனப்படுகொலை என்று சொன்னார். புலிகளுக்கு ஆதரவானவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் விழுந்தது. அவர் அதை மறுத்தார். 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, கைகள் கட்டப்பட்ட மனிதர்கள் சுடப்படும் காட்சியை ஒளிபரப்பியது. அடுத்த ஏப்ரலில் ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டின் குறும்படம் வந்தது. ரொமெயின் கவ்ராஸ் இயக்கியது. சீருடைக்காரர்கள் செம்பட்டை முடி உள்ள ஆண்களை மட்டும் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றி, வெட்டவெளியில் கொல்கிறார்கள். யூடியூப் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. மேற்கில் பலர் ‘அதிர்ச்சிக்காக எடுத்தது’ என்றார்கள். முள்ளிவாய்க்கால் செய்திகளைத் தினம் தினம் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்தப் படம் அதிர்ச்சிக்கான வித்தையாகத் தெரிந்திருக்காது. ‘எங்களுக்கு நடந்தப்போ பார்க்கல, உங்களுக்கு நடந்தா பார்ப்பீங்களா?’ என்று கேட்பது போலத்தான் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டின் உடைந்த ஒலியையும் இதோடு சேர்த்துக் கேட்கணும். ஒருவர் நடந்ததைத் தெளிவாக, எளிய சொற்களில் தொலைக்காட்சியில் சொல்லிப் பார்த்தார். யாரும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் அதே இனிமையோடு பாடணும்னு எதிர்பார்ப்பது யாருடைய வசதிக்காக?

இப்படிச் சொல்வதால் ஆல்பத்தின் குறைகள் மறைந்துவிடாது. கோபம் நியாயமானது என்பதாலேயே பாட்டு நல்ல பாட்டு ஆகிவிடாது. தமிழ் ரசிகர்களிலும் பிரிவு இருந்தது. நம்ம வலியை உலகத்துக்குச் சொல்ல ஒருத்தர் கிடைத்தார், அவரும் யாரும் கேட்க முடியாத மாதிரிக் கத்துறாரே என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தையும் தள்ளிவிட முடியாது.

பிறகு நடந்தது

ஆல்பத்தின் முதல் துண்டு ‘தி மெசேஜ்’ ஒரு நிமிடம்கூட ஓடாது. நம் கையில் இருக்கும் கருவிகள் வழியாக அரசாங்கம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கு என்பதுதான் அதன் சாரம். 2010-ல் இதைச் சதிக்கதை என்று சிரித்தார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்ததும் சிரித்தவர்கள் சிலர் திரும்பிப் போய்க் கேட்டார்கள். அதே மாதம் கான்யே வெஸ்டின் ‘யீசஸ்’ வந்தது. உடைந்த ஒலி, இரைச்சல், இடையிடையே வெட்டு. அதைப் பலர் புதுமை என்று கொண்டாடினார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இணையத்தில் பிறந்த பாப் இசையில் வேண்டுமென்றே ஒலியை உடைப்பது சர்வசாதாரணம் ஆகிவிட்டது. முன்னால் போனவருக்குத் திட்டு, பின்னால் வந்தவருக்குப் பாராட்டு.

எம்.ஐ.ஏ.வும் அங்கேயே நிற்கவில்லை. 2010 டிசம்பர் 31 அன்று ‘விக்கி லீக்ஸ்’ என்ற பாடல் தொகுப்பை இலவசமாக வெளியிட்டார். அதில் ஒரு துண்டாக இருந்த ‘பேட் கேர்ள்ஸ்’, 2012-ல் முழுப் பாட்டாக வந்து பிரிந்த ரசிகர்களை ஓரளவு சேர்த்து வைத்தது. கவனித்துக் கேட்டால் ‘மாயா’வின் கனமான அடி அதிலும் இருக்கும், கூடவே உறுமிக்காரரின் மூச்சும் திரும்பி வந்திருக்கும்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை: முதலில் ‘பேர்ட் ஃப்ளூ’, உடனே ‘ஸ்டெப்பின் அப்’, அப்புறம் ‘பேட் கேர்ள்ஸ்’. நல்ல ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்க. முதல் பாட்டில் எங்கே இடைவெளி விழுது, இரண்டாவதில் எங்கே விழாமல் போகுது, மூன்றாவதில் எப்படித் திரும்ப வருதுன்னு கவனிங்க. அதற்கு அப்புறமும் ‘மாயா’ பிடிக்கலைன்னா, ஏன் பிடிக்கலைன்னாவது உங்களால் சொல்ல முடியும்.