ஆஃபர் லெட்டரின் நிபந்தனைப் பக்கம்

ஆங்கிலம் இன்னும் சரளமாகாத மாணவர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், நேரடி அட்மிஷனுக்குப் பதில் பெரும்பாலும் நிபந்தனையோடு கூடிய ஆஃபர் லெட்டர்தான் வரும். முதலில் எலிகோஸ் எனப்படும் ஆங்கிலப் பயிற்சி, அதில் தேறினால் பட்டப்படிப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாணவர் விசா. கன்சல்டன்சிகள் இதைப் ‘பேக்கேஜ்’ என்கின்றன. ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் மாணவருக்கான பாதுகாப்புகளில் பெரும்பகுதி, கல்லூரியோடு அவர் செய்துகொள்ளும் எழுத்து ஒப்பந்தத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஆங்கிலம் கற்கப் போகிறவர் ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அதைப் படித்து விளக்கும் வேலை ஏஜென்ட்டிடம் போகிறது. அவருக்கோ மாணவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரியிடமிருந்து கமிஷன். ஆகவே, பணம் கட்டுமுன் அந்தக் கமிஷனில் பங்கில்லாத ஒருவரை, ஊர்ப் பள்ளியின் ஆங்கில ஆசிரியரையாவது, உட்காரவைத்து ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பதுதான் இந்த மாணவருக்கு முதல் பாதுகாப்பு.

மதிப்பெண்ணிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 2024 மார்ச் 23 முதல் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் அளவு பொதுவாக 6.0, எலிகோஸோடு சேர்த்து விண்ணப்பித்தால் 5.0. இது அரசு கேட்பது. பல்கலைக்கழகம் கேட்பது தனி. பல பட்டப்படிப்புகள் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.0க்குக் குறையக் கூடாது என்கின்றன. கேட்டலில் 7, வாசிப்பில் 6.5, பேச்சில் 6.5, எழுத்தில் 5.5 எடுத்தவரின் சராசரி 6.375, சான்றிதழில் அது 6.5 என்றே வரும். ஆறரை வந்துவிட்டதென்று வீடே நிம்மதியடையும். எழுத்தில் உள்ள அந்த 5.5 அவரை எலிகோஸுக்கு அனுப்பிவிடும். அங்கேயும் வகுப்புக்குப் போனால் மட்டும் போதாது, மதிப்பீட்டில் தேற வேண்டும். தேறாவிட்டால் இன்னும் எத்தனை வாரம், அதற்கு எவ்வளவு கட்டணம், பட்டப்படிப்பு இடம் அடுத்த பருவம்வரை காத்திருக்குமா? ஆஃபர் லெட்டரில் விடை இல்லையென்றால் கல்லூரிக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஏஜென்ட் போனில் கொடுத்த உறுதியைப் பிறகு நிரூபிக்க முடியாது.

அதைவிடக் கவனிக்கப்படாதது கல்லூரி மாறும் விதி. முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியுமுன் வேறு நிறுவனத்துக்குப் போக, இப்போதைய நிறுவனம் விடுவிக்க வேண்டும். பேக்கேஜில் முதன்மைப் படிப்பு என்பது பட்டப்படிப்பு. 20 வார எலிகோஸ் கணக்கில் சேராது. மூன்றாவது மாதத்தில் மாற நினைப்பவருக்கு அந்த ஆறு மாதம் இன்னும் தொடங்கவே இல்லை. ‘போய்ச் சேருங்கள், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்’ என்று சொல்லி அனுப்புவது பெரிய பொறுப்பின்மை. விடுவிப்பை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெறலாம், மேல்முறையீடும் செய்யலாம். விடுவிப்புக்கென்று கல்லூரி கட்டணம் வாங்கக் கூடாது.

ஏஜென்ட் நம்மிடம் ஒரு பைசாவும் வாங்குவதில்லையே, அவர் இல்லாமல் எப்படி முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படிவம், வங்கிக் காகிதம், மருத்துவக் காப்பீடு என்று எல்லாவற்றையும் முதல் தலைமுறைக் குடும்பம் தனியாகச் சமாளிப்பது கடினம். நேர்மையாக உழைப்பவர்களும் நிறையவே உண்டு. ஏஜென்ட்டுகள் மாணவர் நலனைக் கருதி நடப்பதற்குக் கல்லூரியே பொறுப்பு என்கிறது ஆஸ்திரேலியாவின் 2018 தேசிய விதித்தொகுப்பு. ஆனால் கமிஷன் தரும் கல்லூரிகளை மட்டுமே அவர் காட்டினால், காட்டாத கல்லூரியைப் பற்றி மாணவருக்குத் தெரியவே வராது. படிவ வேலையை அவரிடம் விடலாம். கல்லூரித் தேர்வையும் கையெழுத்தையும் விட முடியாது. விசா விண்ணப்பத்தின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும்கூட மாணவரிடமே இருக்கட்டும். பொய் ஆவணத்தை வைத்தவர் ஏஜென்ட்டாக இருந்தாலும், விசா மறுப்பும் மூன்றாண்டுத் தடையும் மாணவர்மேல் விழக்கூடும்.

ஒப்பந்தத்தைப் புரிந்து கையெழுத்திட்டவருக்குச் சட்டம் நன்றாகவே துணை நிற்கிறது. 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு, வகுப்பு தொடங்குமுன் மொத்தக் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் கேட்கக் கூடாது. மாணவரே விரும்பிக் கட்டலாம். அந்த விருப்பத்துக்கான கட்டத்தில் உங்களுக்காக வேறு யாரும் டிக் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விசா மறுக்கப்பட்டுச் சேர முடியாமல் போனால், கட்டிய தொகையில் 5 சதவீதம் அல்லது 500 ஆஸ்திரேலிய டாலர், எது குறைவோ அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். மனம் மாறி விலகுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒப்பந்தத்தின் ரீஃபண்ட் விதி எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். எலிகோஸ் வகுப்பில் 18 பேருக்கு மேல் கூடாது, வாரம் 20 மணி நேரமாவது நேரடி வகுப்பு வேண்டும். படிப்பில் முன்னேற்றம் போதவில்லை என்று கல்லூரி அரசுக்கு அறிக்கை அனுப்ப நினைத்தால், முதலில் மாணவருக்குத் தெரிவித்து, மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாள் தர வேண்டும். உள்முறையீடு தோற்றாலும் வழி அடைபடாது. பல்கலைக்கழகம் என்றால் 2025 பிப்ரவரி 1 முதல் இயங்கும் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடமும், தனியார் ஆங்கிலப் பயிற்சிக் கல்லூரி என்றால் வெளிநாட்டு மாணவர் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம். ஒப்பந்தம், கட்டண ரசீது, கல்லூரியோடு பரிமாறிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகலை அந்தப் புகாரோடு இணைக்க வேண்டும்.