விட்டதைப் பிடிக்கப் போகிறீர்களா?

ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்கு மாலை தொடுத்து வாழ்ந்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். 45 பாசுரங்கள் கொண்ட ‘திருமாலை’யில், தன் பழைய வாழ்க்கையைச் சொல்லும்போது ‘சூதன்’ என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். மறைக்கவில்லை.

இன்று காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் திருச்சியிலும் சரி, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்திலும் சரி... சூதாட ஒரு செல்போன் போதும்.

ஆன்லைன் போக்கரில் தொடர்ந்து தோற்பவருக்கு இரண்டு எண்ணங்கள் வரும். ‘அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம்’ என்பது ஒன்று. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது இன்னொன்று. இரண்டுமே தப்புக் கணக்கு.

சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. பத்து முறை தோற்றவர் என்று இரக்கப்பட்டு வராது. உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோல்விதான். யார் ஜெயித்தாலும் ஆட்டத்தை நடத்துபவருக்கு கமிஷன் உண்டு. இந்தத் தோல்வியை வைத்து உங்கள் புத்தியை எடைபோட வேண்டாம்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன்பிறகும் கள்ள ஆப்களில் விட்டதைப் பிடிக்கப் போனால், ஜெயித்த பணம்கூட கைக்கு வருமென்ற உறுதி இல்லை.

என்ன செய்யலாம்?

* ஆப்பை நீக்குங்கள். கொஞ்ச நாளைக்கு வங்கிக் கணக்கை வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.
* கடன் முழுவதையும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பாதியை மறைத்தால், அதை அடைக்க மறுபடி ஆடத் தோன்றும்.
* கேட்பவர்கள் அன்றைக்குத் திட்ட வேண்டாம்.
* மனம் தளர்ந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் பேசலாம்.