காவி உடுத்திய பாதிரியார்கள்

பொழுது புலர்கிறது. காவிரிக்கரைத் தோப்பில் காயத்திரி மந்திரம் கேட்கிறது. ஓதுகிறவர்கள் யார் தெரியுமா? கிறிஸ்தவத் துறவிகள்!

குளித்தலைக்குப் பக்கத்தில் உள்ளது தண்ணீர்ப்பள்ளி. அங்கே 1950-ல் "சாந்திவனம்" ஆசிரமத்தைத் தொடங்கினார்கள், மோன்ஷனின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுப் பாதிரியார்கள். காவி உடுத்தினார்கள். மாமிசத்தை விட்டார்கள். தரையில் அமர்ந்து தியானம் செய்தார்கள்.

ஆனால், சீடர்கள் வந்து சேரவில்லை. 1957-ல் மோன்ஷனின் காலமானார். 1968-ல் லெ சோ இமயமலைப் பக்கம் போய்விட்டார்.

ஆசிரமம் அதோடு முடிந்ததா? இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்துத் துறவி பீட் கிரிபித்ஸ் பொறுப்பேற்றார். 1993-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

தினம் மூன்று வேளை வழிபாடு. காலையில் நெற்றிக்குச் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. வேதமும் உபநிடதமும் ஓதுவார்கள். மாணிக்கவாசகர், தாயுமானவர் பாடல்களைப் படிப்பார்கள். கூடவே பைபிளும் உண்டு.

"நமக்கு இந்து மந்திரம் எதற்கு?" என்று கிறிஸ்தவர்களில் சிலர் கோபித்தார்கள். "இது மதம் மாற்றும் தந்திரம்" என்று இந்துக்களில் சிலர் சந்தேகித்தார்கள்.

இரு பக்கமும் ஏச்சு! ஆனாலும், விடியற்காலை மந்திரம் நிற்கவில்லை.