உங்களுக்குத் தெரியுமா? – பின் சீட்டுக்கும் பெடல் உண்டு

★ ஒரே சைக்கிளில் இரண்டு பேர் போனால் நம் ஊரில் அதற்குப் பெயர் டபுள்ஸ். ஒருவர் மிதிப்பார், இன்னொருவர் கேரியரிலோ முன் பாரிலோ உட்கார்ந்து வருவார். மேடு வந்தால் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். டேண்டம் எனும் இரட்டைச் சைக்கிளில் அந்த வழக்கமே கிடையாது. பின்னால் இருப்பவருக்கும் சீட், ஹேண்டில்பார், பெடல் எல்லாம் உண்டு. மேட்டில்தான் அவர் கால் அதிகம் தேவைப்படும். ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூர் போல ஏற்றமும் இறக்கமுமாக, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஓடுகிற ஊரில் இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

★ 'டேண்டம்' லத்தீன் சொல். 'நெடுநேரம் கழித்து, ஒருவழியாக' என்று பொருள். இங்கிலாந்தில் குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய நீளமான வண்டிக்கு விளையாட்டாக வைத்த பெயர், பிறகு சைக்கிளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டிக்குப் பெயர் வேறு: சோஷியபிள்.

★ டென்மார்க்கில் பிறந்த மிக்கேல் பெடர்சன் 1898 வாக்கில் உருவாக்கிய இருவர் சைக்கிளின் எடை 24 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு! இன்றைய இரும்பு டேண்டம் ஒன்றைக் கடை வாசலில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

★ டேண்டம் பந்தயம் 1908 ஒலிம்பிக்கில் இருந்தது. மறுபடி 1920 முதல் 1972 வரை தொடர்ந்து நடந்தது. அதன்பின் எடுத்துவிட்டார்கள்.

★ வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க ஆசையா? கொடைக்கானலுக்குப் போங்கள். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ரோடு. அங்கே இரட்டைச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே பாடம் கிடைத்துவிடும். தடுமாறுகிறவர்கள் எல்லோரும் முதல் பத்தடியில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறப் பார்க்கிறார்கள். சரியான முறை இது: முன்னால் ஓட்டுபவர் பாருக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஏறி, சீட்டில் நன்றாக உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்து, "ம், போலாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முன்னவர் பிரேக்கை விட வேண்டும். கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பவர் பின் சீட்டுக்காரர்.

★ சமதளத்தில் டேண்டம் தனிச் சைக்கிளைவிட வேகமாகப் போகும். கால்கள் நான்கு, காற்றைக் கிழிப்பது ஏறக்குறைய ஒரே உடம்பு. மேட்டில் கதை மாறும். அங்கே காற்றைவிட எடைதான் எதிரி, அதனால் வேகம் குறையும். மலைக்கு வாங்குகிறவர்கள் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம், முன்னால் சின்னப் பல்சக்கரம் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். கியர் மாற்றும்போது முன்னவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னவர் அந்த நேரம் மிதியை இளக்காவிட்டால் செயின் கடகடத்துக் கழன்றுவிடும்.

★ ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர். இரண்டு பேரும் வண்டியும் சேர்ந்து 160 கிலோ என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரணத் தண்ணீர் 5 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும்!

இந்த ஆற்றலில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுகளுக்குப் பயந்து மெதுவாக இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து, ஏறக்குறைய எல்லாம் பிரேக்கின் தலையில் விழும். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிரேக் என்றால் ரிம் தொட முடியாத அளவுக்குச் சுடும். உள்ளே டியூப் வெடிக்கலாம். முன்சக்கர டியூப் வளைவில் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. டேண்டம்காரர்கள் வெளிநாடுகளில் இதற்கென்றே பின்சக்கரத்தில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக் மாட்டினார்கள். அந்த வகையில் ஜப்பானின் அராய் டிரம் பேர்போனது. இப்போது 203 மில்லிமீட்டர் டிஸ்க் வருகிறது. இந்த மலையில் இறங்க நினைப்பவர்கள் டிஸ்க் இல்லாத டேண்டத்தை வாங்கவே வேண்டாம். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள்.

★ சேலத்தில் வாங்கிய டேண்டத்தை மேலே கொண்டுவருவது எப்படி? வண்டியின் நீளம் எட்டடிக்குப் பக்கம். குட்டி யானை எனும் சின்ன சரக்கு வண்டியின் தொட்டி ஏழடிச் சொச்சம்தான். மூலைக்கு மூலை குறுக்காகச் சாய்த்து, முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் அடங்கிவிடும்.

★ விலை கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

★ நம் பழைய 28 இஞ்ச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால்தான் என்று தெரிந்து போட்ட கணக்கு அது. டேண்டத்திலும் கம்பிகளை எண்ணாமல் வாங்காதீர்கள். 36-க்குக் குறைந்தால் யோசியுங்கள். புது வண்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் சக்கரத்தைக் கொடுத்துக் கம்பிகளை ஒருமுறை இறுக்கி வாங்கிவிடுங்கள்.

★ டேண்டத்தில் இரண்டு செயின். வலப்பக்கச் செயின் பின்சக்கரத்தை ஓட்டும். இடப்பக்கத்தில் இன்னொன்று முன் பெடலையும் பின் பெடலையும் பிணைக்கும். அதனால்தான் ஒருவர் நிறுத்தினால் இன்னொருவரும் நிறுத்தியாக வேண்டும். இந்த இடச் செயின் தொய்ந்தால் முன் கிராங்க் அச்சு உட்கார்ந்திருக்கும் கூட்டைத் திருப்பித்தான் இறுக்க வேண்டும். கூட்டில் அச்சு நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருக்கும். திருப்பத் திருப்ப முன்னும் பின்னும் நகரும்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பழைய பிரேமை வெல்டிங் வைத்து டேண்டம் ஆக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடப்பக்கம் பல்சக்கரம் வேண்டுமென்று வலது கிராங்கை இடப்பக்கம் திருப்பி மாட்டாதீர்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும். வலது கிராங்கில் அந்த மரை இருக்காது; மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுகொண்டே வரும். வெல்டிங் வைத்துச் சேர்த்த வண்டி தெருவுக்குள் ஓடட்டும். மலைப்பாதைக்கு வேண்டாம்.

★ பின்னவர் பிடிக்கும் ஹேண்டில்பார் திரும்பாது. அது முன்னவரின் சீட் கம்பத்தில் மாட்டியிருக்கும். முன்னவர் தன் உயரத்துக்குச் சீட்டை வைத்துவிட்டால் பொருத்தும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான். பின் ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி உள்ள வண்டியா என்று பாருங்கள். பின் சீட்டுக்கு ஸ்பிரிங் வைத்த கம்பம் போடுங்கள். பள்ளம் வருவது முன்னவருக்குத் தெரியும், உடம்பைத் தூக்கிக்கொள்வார். பின்னவருக்குத் தெரிவது எதிரே இருக்கும் முதுகு மட்டும்.

இதை நான் கற்றது நாகலூரில், என் அக்கா மகளிடம். அவளுக்குப் பத்து வயது. பின் சீட்டை அடிவரை இறக்கியும் பெடலுக்கு நாலு விரல் கடை எட்டவில்லை. வெளிநாட்டில் இதற்குச் சீட் குழாயின் மேல்பகுதியில் குழந்தைகளுக்கென்று தனி கிராங்க் மாட்டுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தது மரக்கட்டை. பெடலின் இரண்டு பக்கமும் கட்டை வைத்து, பழைய டியூப் ரப்பரால் இறுக்கிச் சுற்றினோம். கால் எட்டியது. முதல் நாளே ஒரு குழியில் சொல்லாமல் இறக்கிவிட்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாமா, பள்ளம்னா முன்னாடியே சொல்லணும்ல?" என்றாள் கண்ணீரோடு. அன்றிலிருந்து சொல்கிறேன்.

★ பாராலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் பார்வையற்ற வீரர்கள் டேண்டத்தில்தான் ஓட்டுகிறார்கள். முன்னால் பார்வையுள்ள பைலட், பின்னால் வீரர். பதக்கம் வென்றால் இருவருக்கும்தான். நம் நாட்டில் புனேவின் அட்வெஞ்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ் பவுண்டேஷன், பார்வையுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே டேண்டத்தில் சேர்த்து மணாலியிலிருந்து கர்துங்லா வரை ஓட்ட வைத்திருக்கிறது. அதைத் தொடங்கிய திவ்யான்ஷு கணாத்ரா, 19 வயதில் கிளகோமாவால் பார்வை இழந்தவர். இந்தக் காரணம் ஒன்றுக்காகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு டேண்டமாவது இருக்க வேண்டும் என்பேன்.

★ இங்கிலாந்தின் கேட் டிக்சன், ராஸ் மார்ஸ்டன் என்ற இரு பெண்கள் 2019 ஜூனில் ஆக்ஸ்போர்டில் கிளம்பி, இந்தியா வழியாகவும் மிதித்து, 263 நாளில் டேண்டத்தில் உலகைச் சுற்றினார்கள்.

★ கணினி பாடிய முதல் பாட்டுகளில் ஒன்று டேண்டத்தைப் பற்றியது! ஹாரி டேக்கர் 1892-இல் எழுதிய 'டெய்சி பெல்' பாட்டை, 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் 704 பாடியது.

★ வளைவில் முன்னவர் கையை எடுக்க முடியாது. நீளமான வண்டி அலைந்துவிடும். கை காட்டுவது பின்னவர் வேலை. "மேடு", "பள்ளம்", "வலப்பக்கம் திரும்பறோம்" என்று முன்னிருந்து குரல் வர வேண்டும், திருப்பம் என்றால் உடனே பின்னிருந்து கை நீள வேண்டும். எங்கள் ஊர்த் திருப்பத்தில் நான் "வலப்பக்கம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அக்கா மகள் கையை முழுசாக நீட்டியிருந்தாள். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப் வேகம் குறைத்து, நாங்கள் திரும்பும்வரை நின்றது.